கல்லுக்குள் இருப்பது சிப்பியா, வெறும் கோடா?

அரியலூரை ஒட்டியுள்ள காட்டுப்பிரிங்கியம் பக்கம் சாலையோரத்தில் கிடந்த ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்துப் புரட்டியபோது, அதன் உடைந்த பக்கத்தில் சாம்பல் நிறத்தில் வில் போல வளைந்த பட்டை ஒன்று தெரிந்தது. நீளம் ஏறக்குறைய ஒரு விரல். தடிமன் பென்சில் அளவு. பட்டைக்குள் மெல்லிய நார்கள் நெருக்கமாக நின்றன. விலா எலும்பு என்று முடிவுகட்டினேன். அன்று மாலைக்குள் உறவினர்கள் அனைவருக்கும் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. "டைனோசரா?" என்று கேட்டவர்களுக்கு "இருக்கலாம்" என்று அடக்கமாகப் பதில் அனுப்பினேன்.

அது எலும்பு இல்லை. அது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்திருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த இருபது நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு கல்லும் மனத்தில் ஒரு சந்தேகமும் இருந்தால் போதும், தொடங்கலாம்.

வேண்டிய சாமான்கள் குறைவு: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ், பழைய பல் துலக்கும் பிரஷ், பேனாக்கத்தி, கொஞ்சம் வினிகர், டார்ச், அளவுகோல். லென்ஸுக்கு மட்டும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸே போதும்.

முதல் படி: இடத்தை எழுதிவையுங்கள்

கல்லைக் கழுவுவதற்கு முன்பே, ஏன், பைக்குள் போடுவதற்கு முன்பே எழுத வேண்டியது இது. எந்த ஊர், எந்தப் பாதை, கல் பாறையோடு ஒட்டி இருந்ததா, உதிர்ந்து கிடந்ததா, லாரியில் வந்து கொட்டியதா? கைப்பேசியில் அந்த இடத்தின் வரைபடக் குறியைச் சேமித்துவிட்டால் இன்னும் நல்லது. இடம் தெரியாத புதைபடிவத்தால் அலமாரிக்கு அழகு கிடைக்கும், வேறொரு பயனும் இல்லை.

இடத்துக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்றால், கல்லுக்குள் என்ன இருக்கலாம், என்ன இருக்கவே முடியாது என்பதில் பாதியை அதுவே சொல்லிவிடுகிறது. அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் பரவியிருக்கும் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் மணற்கல்லும் பெரும்பாலும் கிரெட்டேசியஸ் காலக் கடலில் படிந்தவை. புவியியலாளர்கள் அவற்றைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த ஆறரைக் கோடி ஆண்டு வரை நீளும் கதை இது. அதற்கும் மேலே நின்னியூர்ப் படிவு, டைனோசர்கள் போன பிறகு படிந்தது.

இந்த அடுக்குகளுக்குள்ளும் ஊருக்கு ஊர் சரக்கு மாறும். கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் சுண்ணாம்புப் பாசியும் கிடைக்கும். காரைக்கு அருகே மழையில் அரித்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் களிமண் மேடுகளில் கணவாய் மீனின் பழைய உறவினர் விட்டுச்சென்ற, தோட்டாவைப் போன்ற பெலம்னைட்டுகள் உதிர்ந்து கிடக்கும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் உள்ளங்கை அளவுச் சிப்பிகள் மேலும் கீழுமாக அடுக்கியதுபோல் இருக்கும். டைனோசர் எலும்புகள் கிடைத்த கல்லமேட்டுப் பாறையோ கடலில் படிந்ததே இல்லை. ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களியும் அது. காட்டுப்பிரிங்கியத்துக் கடல் சுண்ணாம்புக்கல்லில் விலா எலும்பைத் தேடிய என் நிலைமை உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். கடற்பாறையில் எலும்பே இருக்காது என்பதில்லை, சுறாப் பற்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஆயிரம் சிப்பிகளுக்கு நடுவே ஒரு எலும்பு என்றால் முதலில் சிப்பியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இடம் என்பது வீட்டுக்குள்ளும் செல்லும். சமையல் மேடையில் பதித்த கடப்பா கல்லில் செடி போன்ற கறுப்பு வடிவம் தெரிகிறது என்று பலர் காட்டுகிறார்கள். கடப்பா, கர்நூல் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் ஓடுள்ள விலங்குகளும் தரைச் செடிகளும் உலகில் தோன்றுவதற்கு முன்பே படிந்தது. அதில் பெரணி இருக்க வழியே இல்லை. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கே எடுக்கக் கூடாது என்பதும் இந்தப் படியில்தான் வரும். சாத்தனூரில் படுத்திருக்கும் 18 மீட்டர் கல்மரமும் திருவக்கரைக் கல்மரப் பூங்காவும் பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் சின்னங்கள். அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சிமெண்ட் ஆலைச் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி இறங்காதீர்கள். வெடி வைக்கும் இடம், விளிம்பு இடியும் இடம் அது. கால்வாய்க் கரை, சாலை வெட்டிய மேடு, அறுவடை முடிந்த வயல் ஓரம், இவையே தாராளம். வயல்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

இரண்டாம் படி: சுண்ணாம்புக்கல்தானா?

கல்லின் ஒரு மூலையைக் கத்தியால் சுரண்டுங்கள். கிடைக்கும் பொடியின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பொடியாக்காமல் விட்டால் வினிகர் சோம்பலாகத்தான் வேலை செய்யும், அதனால் பொடி முக்கியம். எலுமிச்சைச் சாறும் இதைச் செய்யும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் குமிழ்கள் தெரியும். புதைபடிவமாக இருக்கக்கூடிய பகுதியில் இதைச் செய்யாதீர்கள், கல்லின் பின்பக்கத்தில் செய்யுங்கள்.

கடினத்தையும் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லைக் கத்தி கீறும், நகம் கீறாது. நகமே கீறினால் ஜிப்சமாக இருக்கலாம். காரைப் பக்கம் களிமண்ணுக்குள் ஓடும் பளபளப்பான ஜிப்சத் தகடுகளைப் பலர் ஏதோ மீன் செதில் என்று நினைத்துக்கொள்வது உண்டு. கத்தியே வழுக்கினால் சிலிக்கா சேர்ந்த கல்.

சுக்கான் கல் மட்டும் இங்கே குறுக்கே வந்து ஏமாற்றும். அதுவும் வினிகரில் நுரைக்கும். ஆனால் அது பழங்கடலில் படிந்ததில்லை, மண்ணுக்குள் ஈரம் வற்றி வற்றிச் சுண்ணாம்பு திரண்டு உண்டானது. செடி வேரைச் சுற்றித் திரளும்போது எலும்பு மூட்டு, விரல், கொம்பு என்று எல்லா உருவமும் எடுக்கும். செம்மண்ணிலோ கரிசலிலோ தனித்தனிக் கட்டியாகக் கிடைத்தால், உடைத்துப் பார்த்து உள்ளே அமைப்பு ஏதும் இல்லாமல் மொரமொரவென்று இருந்தால், அது சுக்கான்.

மூன்றாம் படி: சுத்தம், ஆனால் அளவோடு

முதலில் உலர்ந்த பிரஷ். பிறகு தண்ணீரும் பிரஷும். அவ்வளவுதான். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றி "பளிச்" ஆக்கலாம் என்று தோன்றும். நான் ஒரு அழகான சிப்பியை அப்படித்தான் இழந்தேன். கல்லும் சுண்ணாம்பு, சிப்பியும் சுண்ணாம்பு, அமிலத்துக்கு எது எது என்று தெரியாது. ஓட்டின் மேலிருந்த மெல்லிய வரிகள் கரைந்து, சோப்புத் துண்டு போல வழவழவென்று ஒன்று மிச்சம் இருந்தது. சுத்தியலும் உளியும் வேண்டாம். சுற்றியிருக்கும் கல்லும் ஆதாரம்தான், முழுக்கப் பெயர்த்தெடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

நான்காம் படி: வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள்

உச்சி வெயிலில் கல்லைப் பார்த்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். இருட்டறையில் டார்ச்சைக் கல்லின் ஓரத்திலிருந்து, கிட்டத்தட்ட தரையோடு தரையாகப் பிடியுங்கள். மேடு பள்ளங்களின் நிழல் நீண்டு, இல்லாதது போலிருந்த வரிகள் எழுந்து நிற்கும். கோயில் கல்வெட்டு படிப்பவர்கள் செய்யும் அதே வேலை. உடைந்த அல்லது அறுத்த பக்கமானால் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், நிற வேறுபாடு துலங்கும்.

ஐந்தாம் படி: அமைப்பை விசாரியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். "இது எதைப் போல இருக்கிறது?" என்ற கேள்வியை ஒத்தி வையுங்கள். மேகம்கூட யானையைப் போல இருக்கும். "இது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?" என்று கேளுங்கள்.

விளிம்பு இருக்கிறதா? உயிரின் ஓட்டுக்குத் தடிமன் உண்டு, அது ஒரே சீராகவோ படிப்படியாகவோ மாறும். சந்தேகத்துக்குரிய வடிவம் கல்லுக்குள் மெல்ல மங்கிக் கரைந்துபோனால் அது கறையாகவே இருக்கக்கூடும்.

மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கு இருக்கிறதா? வளர்ச்சி வரிகள், சம இடைவெளியில் விலாக்கள், அறை அறையான பிரிவுகள். உயிர் வளரும்போது தன்னைத்தானே திரும்பச் சொல்லும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக.

சமச்சீர் எப்படி? இரட்டை ஓட்டுச் சிப்பியில் பெரும்பாலும் ஒரு ஓடு மற்றதன் கண்ணாடி பிம்பம், ஆனால் ஒரு ஓட்டை மட்டும் தனியாக எடுத்தால் இடமும் வலமும் ஒத்துப்போகாது. சிப்பி போலவே இரண்டு ஓடுள்ள, ஆனால் வேறு குலத்துக் கடல் உயிரியான பிராக்கியோபாட் இதற்கு நேர்மாறு: ஒவ்வொரு ஓடும் இடம் வலமாகச் சமம், ஆனால் மேல் ஓடும் கீழ் ஓடும் வேறு. ஐந்து இதழ்ப் பூ ஒன்று உருண்டையின் மேல் தெரிந்தால் அது கடல் முள்ளெலி.

உள்ளிழை எப்படி? இதைச் சொல்லும்போது என் "விலா எலும்புக்கு" வருகிறேன். எலும்பை உடைத்துப் பார்த்தால் ரொட்டித் துண்டைப் போலச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உட்பக்கம் தளர்வாகவும். என் கல்லில் துளையே இல்லை. நார்கள் இருந்தன, அவை பட்டையின் நீளத்துக்கு ஓடவில்லை. வில்லின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்காக, புத்தகத்தை நிறுத்திவைத்து மேலிருந்து தாள்களைப் பார்த்தது போல நின்றன. லென்ஸில் ஒவ்வொரு நாரும் கால்சைட் என்னும் சுண்ணாம்புப் படிகக் குச்சியாக மின்னியது. கத்தி கீறியது, பொடி நுரைத்தது. இனோசெராமஸ் என்ற, இன்று உலகில் இல்லாத பெரிய சிப்பியின் ஓடு இப்படித்தான் இருக்கும். அதன் தடித்த வெளி அடுக்கு முழுவதும் செங்குத்துக் குச்சிகளால் கட்டப்பட்டது. உடைந்த துண்டை மரம் என்றும் எலும்பு என்றும் பல் என்றும் கல்நார் என்றும் நினைப்பவர்கள் ஏராளம். இதில் வேடிக்கை, காட்டுப்பிரிங்கியத்துச் சுண்ணாம்புக்கல்லில் இனோசெராமஸ் மிகுதி என்பது புவியியல் மாணவர்களுக்குப் பாலபாடம். முதல் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தப் படிக்கே வேலை இருந்திருக்காது.

நாக்கில் வைத்துப் பார்க்கும் சோதனையைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். எலும்பு துளைகள் நிறைந்தது, நாக்கில் ஒட்டும் என்பது கணக்கு. சுக்கானும் ஒட்டும், களிமண்ணும் ஒட்டும். சாலையோரத்துக் கல்லை நக்க வேண்டாம்.

ஆறாம் படி: ஓடா, அச்சா?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கடல் உயிரிகள் தங்கள் ஓட்டை இரண்டு விதச் சுண்ணாம்பில் கட்டுகின்றன. சிப்பி, பெலம்னைட், இனோசெராமஸின் வெளி அடுக்கு ஆகியவை கால்சைட். நத்தையும், சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரியான அம்மோனைட்டும் பெரும்பாலும் அரகோனைட். கால்சைட் நின்று பிடிக்கும், அரகோனைட் நிலத்தடி நீரில் எளிதில் கரைந்துவிடும். ஆகவே ஒரே கல்லில் சிப்பி தன் சொந்த ஓட்டோடு முழுதாக இருக்க, பக்கத்திலுள்ள நத்தையின் ஓடு காணாமல் போயிருக்கும். ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு மட்டும் நத்தை உருவத்தில் நிற்கும். பலகாரம் போய் அச்சு மிஞ்சியதா, அச்சு போய்ப் பலகாரம் மிஞ்சியதா என்று பாருங்கள். உள்ளே இறுகிய சேற்றுக்கு உள்வார்ப்பு என்று பெயர். அதில் ஓட்டின் வெளி அலங்காரம் இருக்காது, மழமழவென்றிருக்கும். அதை வைத்து வகையைச் சொல்வது கடினம். சுற்றியிருந்த கல்லில் பதிந்த குழியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அலங்காரம் அதில்தான் இருக்கிறது.

ஏழாம் படி: அடிக்கடி தட்டுப்படுபவர்கள்

இந்த வட்டாரத்தில் கையில் வருவதில் பெரும்பங்கு சிப்பிதான். கிரிஃபியா வகையில் ஒரு ஓடு குழிந்த கிண்ணம் போலவும் மற்றது தட்டை மூடி போலவும் இருக்கும். விளிம்பில் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரியும்.

அம்மோனைட் சுருள் ஒரே தளத்தில் சுற்றும். புரட்டினாலும் இரண்டு பக்கமும் ஒன்றே. வீட்டுப் பூசையில் சாளக்கிராமம் இருந்தால் உங்களுக்கு அந்தச் சுருள் ஏற்கெனவே பழக்கம். கண்டகி நதிக் கல்லில் தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் தடம்தான். ஓடு போன உள்வார்ப்பில் அறைச்சுவர்கள் முட்டிய இடங்கள் முருங்கைக் கீரை விளிம்பு போல நெளிநெளியான கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடு இருந்தால் ஐயமே வேண்டாம். அதே கோடு மென்மையாக வளைந்து ஓடினால் அது அம்மோனைட்டின் உறவான நாட்டிலஸ். சுருள் ஒரு பக்கமாகக் கோபுரம் போல உயர்ந்தால் நத்தை.

பெலம்னைட் பழுப்புத் தேன் நிறத்தில் ஒரு முனை கூர்ந்த குச்சி. உடைத்த முகத்தில் வண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள் போல இழைகள் நடுவிலிருந்து பரவும். கணவாய் மீனின் தூரத்து உறவான உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான ஓடு அது. துவரம்பருப்பு அளவில், நடு தடித்த வட்டத் தகடுகள் கொத்தாகத் தெரிந்தால் அவை ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகள். கடல் பாசிப்பூச்சி எனத்தக்க பிரையோசோவாவின் வலைப்பின்னலையும் சிப்பிகளின் முதுகிலேயே பாருங்கள், லென்ஸ் இல்லாவிட்டால் தவறிவிடும்.

1840-களில் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இவ்வட்டாரப் புதைபடிவங்களை முதலில் விவரித்தார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஸ்டொலிச்கா 1860-களிலும் 70-களிலும் தொகுதி தொகுதியாகப் படம் போட்டு எழுதினார். அந்தக் கல்லச்சுப் படங்களோடு இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயர்கள் மாறியிருக்கும், சிப்பி மாறவில்லை.

எட்டாம் படி: வேடதாரிகள்

கடப்பா கல்லில் தெரியும் பெரணி இதுதான்: மாங்கனீசு கலந்த நீர் கல்லின் விரிசலுக்குள் ஊறி, கிளைகிளையாகப் படிந்த கறை. டென்ட்ரைட் என்பார்கள். இலை நரம்போ காம்போ இருக்காது, தடிமனும் இருக்காது, விரிசல் தளத்தில் மட்டுமே இருக்கும். மெருகேற்றிய சுண்ணாம்புப் பலகையில் ரம்பப்பல் போல ஓடும் கருங்கோட்டைத் தாடை என்றும் மண்டையோட்டுத் தையல் என்றும் சொல்வோர் உண்டு. அழுத்தத்தில் கல் கரைந்து ஒன்றோடொன்று பல் கோத்த தடம் அது.

உருண்டைகள்தான் பெரிய வம்பு. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே குளம் தூர்வாரியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. பார்வையிட்ட வல்லுநர்கள், அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய வண்டல் உருண்டைகள் என்றார்கள். உருண்டையாக இருப்பது முட்டைக்குச் சான்றாகாது. ஓடு வேண்டும், ஓட்டில் மூச்சுத் துளைகள் வேண்டும்.

ஒன்பதாம் படி: படம், சீட்டு, ஆள்

அளவுகோலை அருகில் வைத்து மேல், கீழ், பக்கம், உடைந்த முகம் என நான்கு படங்கள் எடுங்கள். அளவுகோல் இல்லையென்றால் 10 ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். கையில் பிடித்து எடுத்த படம் பயன்படாது, உங்கள் கை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. படம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கல்லமேட்டில் கிடைத்து 1980-களில் விவரிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸ் என்னும் டைனோசரே சாட்சி. முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றினார்கள். எலும்புகளோ உதிர்ந்து அழிந்துவிட்டன. இன்று விவாதமெல்லாம் அன்றைய படங்களையும் வரைபடங்களையும் நம்பித்தான் நடக்கிறது.

பெயர் சொல்வதில் அவசரம் வேண்டாம். "இரட்டை ஓட்டுச் சிப்பி" என்ற இடத்தில் நின்றுவிட்டாலும் குறைவில்லை. இனம் வரை போக ஓட்டின் கீல், தசைத் தழும்பு எல்லாம் தெரிய வேண்டும், கல்லுக்குள் பாதி புதைந்த துண்டில் அவை கிடைக்காது.

காட்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். திருச்சி தேசியக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி போன்ற புவியியல் துறை உள்ள கல்லூரிகளில் கேட்கலாம். எலும்பு, பல், முட்டை ஓடு என்று நியாயமான சந்தேகம் வந்தால், தோண்டாமல் மூடிவைத்துவிட்டு, கிண்டியில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கேட்கும்போது "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் பார்த்ததையும் சோதித்ததையும் எழுதுங்கள். பதில் எழுதுபவரின் தொனியே மாறும்.

என் கல்லோடு வைத்திருக்கும் சீட்டு இது: "காட்டுப்பிரிங்கியம், சாலையோரம், உதிர்ந்து கிடந்தது. சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், பொடி வினிகரில் நுரைக்கிறது. வளைந்த பட்டை, 74 மி.மீ. நீளம், 8 மி.மீ. தடிமன். குறுக்கு நார்கள், துளை இல்லை. இனோசெராமஸ் ஓட்டின் குறுக்குவெட்டு. இனம் தெரியவில்லை."

உறவினர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.